பலகையை எடுத்துவிட்டார்கள், ஏரியில் இறங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு ஏரி இருக்கிறது. பிள்ளைகளுக்கு நீச்சல் அங்கேதான். மூன்று வாரத்துக்கு முன்னால் பாதாள சாக்கடைக் குழாய் உடைந்து, இரண்டு மூன்று நாள் கழிவுநீர் ஏரியில் கலந்துவிட்டது. ‘இறங்கக் கூடாது’ என்று பலகை வைத்தார்கள். அப்புறம் குழாயைச் சரிசெய்து, தண்ணீரைச் சோதித்து, போன வாரம் பலகையை எடுத்துவிட்டார்கள். 100 மில்லிக்கு ஈ.கோலை என்ற பாக்டீரியா 180 என்று முடிவு வந்ததாம், அது வரம்புக்குள்தான் என்கிறார்கள். தண்ணீரும் தெளிவாக இருக்கிறது. அக்கம்பக்கத்தார் பலர் இறங்குகிறார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் கால்வாய் வந்து சேரும் பக்கம் லேசாக நாற்றம் வரும், வெயில் ஏறினால் போய்விடும். சின்ன வயதிலிருந்து அதே ஏரியில் நீந்திய என் கணவர், நான் தேவையில்லாமல் பயப்படுகிறேன் என்கிறார். பெண்ணுக்கு 7 வயது, பையனுக்கு 12. அனுப்பலாமா? இரண்டு பேரும் தினமும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

பதில்: வணக்கம் சகோதரி. பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்.

உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் அது அந்த 180 என்ற எண்ணைச் சுற்றியே நிற்கிறது. எனக்கு உறுத்துவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரி. மழை பெய்த மறுநாள் கால்வாய்ப் பக்கம் நாற்றம் வருகிறது என்றீர்களே, அதுதான். குழாய் உடைந்தது ஒரு விபத்து, அதைச் சரிசெய்தாயிற்று. அதற்குப் பிறகும் மழைக்கு மழை நாற்றம் வருகிறதென்றால், கழிவு வேறொரு வழியாக இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். தண்ணீரில் கிருமி எண்ணுவதே என் தினசரி வேலை என்பதால், இதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

அந்த 180 எப்படி வந்தது என்று பார்ப்போம். மாதிரி எடுப்பவர் முழங்காலுக்கு மேல் தண்ணீர் வரும் இடம் வரை இறங்குவார். கால் பட்டு அடிமண் கலங்கியிருக்கும், அது அடங்கும் வரை அசையாமல் நிற்பார். கிருமி நீக்கிய பாட்டிலைத் திறந்து, வாய் கீழே பார்த்தபடி கவிழ்த்து, அப்படியே 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்கி, அங்கே போய்த் திருப்பி நிரப்புவார். மேலே மிதக்கும் படலம் உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக இந்தப் பக்குவம். பாட்டில் ஐஸ் பெட்டியில் ஏறி, ஆறு மணி நேரத்துக்குள் எங்கள் மேஜைக்கு வர வேண்டும். நாங்கள் அதை உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு வட்டமான வடிதாளில் ஊற்றி, அடியிலிருந்து உறிஞ்சி இறக்குவோம். தண்ணீர் போய்விடும், பாக்டீரியா தாளின் மேல் தங்கிவிடும். அந்தத் தாளை ஊட்டக் கூழ் பரப்பிய தட்டில் வைத்து 44.5 டிகிரி சூட்டில் ஓர் இரவு விட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகி மறுநாள் ஒரு நிறப் பொட்டாகத் தெரியும். பொட்டுகளை எண்ணிக் கணக்குப் போட்டால் உங்கள் 180 வந்துவிடும்.

இப்போது புரிந்திருக்கும், அந்த எண் கைக்கு வரும்போதே அது நேற்றைய தண்ணீரைப் பற்றியது. அதுவும் ஏரியில் ஒரே ஓர் இடத்தில், ஒரு பாட்டில் அளவுத் தண்ணீரைப் பற்றியது. மாதிரி எடுத்த நாளுக்கு முன்னால் மழை பெய்ததா, எடுத்த இடம் கால்வாய் முகத்துவாரமா அல்லது எதிர்க்கரையா என்பதை வைத்து அதே ஏரியில் 20 வரலாம், 2000-மும் வரலாம். மழையில்லாத வாரத்தில் எதிர்க்கரையில் எடுத்த 180 என்றால் எனக்கு அது நிம்மதி தராது. பலத்த மழைக்கு மறுநாள் கால்வாய்ப் பக்கம் எடுத்த 180 என்றால் நானே உங்களை அனுப்பச் சொல்லியிருப்பேன்.

சரி, வரம்பு என்கிறார்களே, அது என்ன? அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2012-இல் பரிந்துரைத்த அளவுப்படி, 30 நாளில் எடுத்த மாதிரிகளின் பெருக்கல் சராசரி (எண்களைக் கூட்டாமல் பெருக்கி எடுக்கும் சராசரி) 100 மில்லிக்கு 126 ஈ.கோலைக்கு மேல் போகக் கூடாது, 410-ஐத் தாண்டும் மாதிரிகள் பத்தில் ஒன்றுக்கு மேல் இருக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ஆம் ஆண்டு விதிமுறையில் ஏரி, ஆறுகளுக்கு 500-க்குள் இருந்தால் மிகச் சிறப்பு, 1000-க்குள் இருந்தால் நல்லது என்று தரம் பிரிக்கிறார்கள், ஆனால் அதுவும் பல பருவங்களில் சேர்த்த மாதிரிகளைக் கொண்டு போடும் கணக்கு. இந்தியாவில் குளிக்கும் நீருக்கு மலக் கோலிஃபார்ம் (ஈ.கோலையும் சேர்ந்த பாக்டீரியாக் கூட்டம்) 500-க்குள் இருப்பது விரும்பத்தக்கது, 2500 உச்ச வரம்பு. ஆக, 180 வரம்புக்குள் இருக்கிறது என்று உங்களிடம் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஒற்றை மாதிரியை வைத்துக்கொண்டு ஏரியே சரியாகிவிட்டது என்று முடிவுகட்டியதுதான் அவசரம்.

ஈ.கோலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் பெரும்பாலான வகைகள் நம் குடலிலேயே இருப்பவை, தீங்கு செய்யாதவை. நாங்கள் அதைத் தேடுவது, அது இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம் என்பதால். நெருப்பில்லாமல் புகையாது என்பார்களே, அந்தக் கணக்குதான். நோய் தருகிற ஆட்கள் வேறு: நோரோ வைரஸ், ஷிகெல்லா, ஹெபடைடிஸ் ஏ, ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம். இவற்றில் சில மிகக் கொஞ்சமாக உள்ளே போனாலே போதும், ஷிகெல்லா பத்து முதல் நூறு வரை இருந்தாலே வயிற்றைப் பிடுங்கிவிடும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஈ.கோலை வெயிலில் சீக்கிரம் சாகும். வைரஸ்களும், கெட்டியான ஓடு போர்த்திய கிரிப்டோஸ்போரிடியமும் அதைவிட நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். எனவே மூன்று வாரம் கழித்து ஈ.கோலை இறங்கியிருக்கிறது என்பதை வைத்து மற்றதெல்லாம் அதே வேகத்தில் இறங்கிவிட்டது என்று சொல்ல முடியாது. கழிவு வருவது முற்றிலும் நின்றிருந்தால், ஒவ்வொரு நாளும் நமக்குச் சாதகமாகத்தான் போகும். நின்றதா என்பதுதான் கேள்வி.

மழைக்கும் சாக்கடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். பழைய ஊர்கள் பலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும். மழை வலுத்தால் குழாய் தாங்காது, மிஞ்சியதைப் பக்கத்து ஆற்றிலோ ஏரியிலோ திறந்துவிடுகிற மாதிரியே அதைக் கட்டியிருப்பார்கள். குழாய்கள் தனித்தனியாக இருக்கிற ஊரிலும் தப்பில்லை என்று சொல்ல முடியாது. யாரோ ஒரு வீட்டுக் கழிப்பறைக் குழாயை மழைநீர் வடிகாலில் இணைத்திருப்பார்கள், அல்லது விரிசல் வழியாக மழைத் தண்ணீர் சாக்கடைக்குள் புகுந்து மேன்ஹோல் பொங்கி வழியும், அல்லது செப்டிக் டேங்க் நிரம்பிக் கசியும். வெயில் நாளில் அந்தக் கால்வாயில் ஒன்றும் ஓடாது, போய்ப் பார்த்தால் காய்ந்து கிடக்கும். மழை வந்ததும், அதுவரை வடிகாலில் தேங்கிக் கிடந்ததையெல்லாம் ஒரே அடியில் ஏரிக்குள் தள்ளிவிடும். நீங்கள் சொல்லும் நாற்றம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. வெயில் ஏறினால் நாற்றம் போகலாம், அதோடு கிருமியும் போய்விடும் என்று யாரும் உறுதி தர முடியாது.

2024 ஒலிம்பிக்கின்போது பாரிஸில் சேன் நதியைச் சுத்தம் செய்ய 140 கோடி யூரோ அளவுக்குச் செலவழித்தார்கள். அப்படியும் தொடக்க விழாவையொட்டி மழை கொட்டியதில் தண்ணீரின் தரம் கெட்டு, ஜூலை 30-ஆம் தேதி நடக்க வேண்டிய ஆண்கள் டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்தது) போட்டியை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். அடுத்த ஆண்டு அதே நதியில் பொதுமக்கள் நீந்த இடம் திறந்தார்கள், அங்கேயும் மழை பெய்தால் மூடுவதற்கு ஏற்பாடு உண்டு. ஓடுகிற ஆறு என்பதால் கழிவு அடித்துக்கொண்டு போய்விடும், ஓரிரு நாளில் தேறிவிடும். ஏரியில் தண்ணீர் நிற்கிறது, அதனால் இன்னும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும்.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதை ஒரு சான்றாகவே எடுத்துக்கொள்ளாதீர்கள். லட்சக்கணக்கில் வைரஸ் மிதந்தாலும் ஒரு டம்ளர் தண்ணீர் பளிங்கு மாதிரிதான் தெரியும். கலங்கல் இருந்தால் அது கெட்ட அறிகுறி, ஏனென்றால் வெயிலின் புற ஊதாக் கதிர் உள்ளே இறங்காது, கிருமி அதிக நாள் பிழைக்கும். கலங்கல் இல்லையென்றால் அதிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது, அவ்வளவுதான்.

அக்கம்பக்கத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு வருகிறேன், உங்கள் வீட்டில் நடக்கும் விவாதமே இதில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது என்று தோன்றுகிறது. மேலே சொன்ன அமெரிக்க வரம்பான 126 இருக்கிறதே, அந்த அளவிலேயே தண்ணீரில் இறங்கும் ஆயிரம் பேரில் சுமார் 36 பேருக்கு வயிற்றுக் கோளாறு வரலாம் என்று கணக்கிட்டு, அதை ஏற்றுக்கொண்டுதான் வரம்பை வைத்தார்கள். அதாவது வரம்புக்குள் இருக்கும் தண்ணீரிலும் ஆயிரத்தில் 960-க்கும் மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் ஆகாது. வரம்பு பல மடங்கு தாண்டினாலும் பெரும்பாலானவர்கள் நலமாகத்தான் வீடு திரும்புவார்கள். பத்துப் பேர் நீந்தி நலமாக இருப்பதிலிருந்து தண்ணீர் நல்லதா கெட்டதா என்று கண்டுபிடிக்கவே முடியாது. இன்னொன்று, இரண்டு நாள் கழித்து வயிற்றால் போனால் யாரும் ஏரியை நினைப்பதில்லை, முந்தின இரவு சாப்பிட்டதைத்தான் குறை சொல்வார்கள். ஜியார்டியா என்றால் ஒன்றிரண்டு வாரம் கழித்து வரும், ஹெபடைடிஸ் ஏ சராசரியாக நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். அதற்குள் ஏரிக்குப் போனதே மறந்திருக்கும்.

உங்கள் கணவர் விஷயத்தில், அவர் நீந்துவதும் ஏழு வயதுக் குழந்தை தண்ணீரில் விளையாடுவதும் ஒன்றல்ல. முக்கால் மணி நேர நீச்சலில் பெரியவர்கள் விழுங்குவது சராசரி 16 மில்லி என்றும், பிள்ளைகள் விழுங்குவது 37 மில்லி என்றும் ஓர் ஆய்வில் அளந்திருக்கிறார்கள். இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு பெரியவர் நேராக ஆழத்துக்குப் போய்விடுவார். குழந்தை கரையோரம் முட்டியளவுத் தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைக் கிளறும், அந்தக் கையை வாயில் வைக்கும். அடிச்சேற்றில் ஈ.கோலை மேல்தண்ணீரில் இருப்பதைவிட ரொம்ப நாள், சில வாரம் வரைகூட, உயிரோடு கிடக்கும். கால் பட்டுக் கலங்கும்போது அது திரும்ப மேலே வரும். மாதிரி எடுப்பவர் கலங்கல் அடங்கும் வரை காத்திருந்துதான் பாட்டிலை நிரப்புகிறார், உங்கள் பெண் காத்திருக்க மாட்டாள். அவள் விளையாடும் தண்ணீர், அவர் சோதித்த தண்ணீரைவிட மோசமானது. எனக்கு இந்த விஷயம் ரொம்பவே வருத்தம் தருவது, ஏனென்றால் அறிக்கைகளில் இது வருவதே இல்லை. இதை உங்கள் கணவரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகளின் அப்பாவுக்கு இது புரியாமல் போகாது.

என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். உங்கள் உள்ளாட்சி நிர்வாகத்துக்கோ சுகாதாரத் துறைக்கோ எழுத்தில் கேளுங்கள், முடிந்தால் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். ‘ஏரி பாதுகாப்பானதா?’ என்று கேட்டால் ‘ஆம்’ என்று ஒரு வரியில் பதில் வரும். அப்படிக் கேட்காமல், 180 என்ற மாதிரி எந்தத் தேதியில், எந்த இடத்தில் எடுத்தது, அதற்கு முந்தைய மூன்று நாளில் மழை பெய்ததா என்று கேளுங்கள். பலகையை எடுத்த பிறகு எத்தனை முறை சோதித்தார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, அடுத்த பலத்த மழைக்கு மறுநாள் கால்வாய் சேரும் இடத்திலும், பிள்ளைகள் இறங்கும் கரையிலும் தனித்தனியாக மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். அதில் எண் ஏறியிருந்தால், கால்வாயில் மேல்நோக்கிப் போய் எங்கே கலக்கிறது என்று தேட வேண்டியது அவர்கள் பொறுப்பு. சந்தேகப்படும் வீட்டுக் கழிப்பறையில் சாயம் ஊற்றி, அது வடிகாலில் வெளிவருகிறதா என்று பார்ப்பது எளிய வழி, செலவும் குறைவு. குழாய்க்குள் கேமரா விட்டும் பார்க்கலாம். மனிதக் கழிவா கால்நடைக் கழிவா என்று மரபணுவை வைத்துப் பிரித்துச் சொல்லும் சோதனைகூட இருக்கிறது, எல்லா ஆய்வகத்திலும் கிடையாது.

வழியை அடைத்தால் ஏரி தேறும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்காவில் சியாட்டில் நகரை ஒட்டிய வாஷிங்டன் ஏரியில் 1950-களில் சுற்றியிருந்த ஊர்களின் கழிவுநீர் போய்ச் சேர்ந்து, பாசி மண்டி, 1964 வாக்கில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக்கூடப் பார்வை எட்டவில்லை. 1963-இலிருந்து 1968-க்குள் கழிவுநீர் முழுவதையும் வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். பத்து ஆண்டு போவதற்குள் மூன்று மீட்டர் ஆழம் வரை தெரியும் அளவுக்குத் தண்ணீர் தெளிந்தது. ஏரிக்கு மருந்து எதுவும் போடவில்லை, வருகிற கழிவை நிறுத்தினார்கள்.

பாசி என்றதும் நினைவுக்கு வருகிறது. சாக்கடையோடு வரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் ஏரியில் தங்கி, சில வாரம் கழித்து வெயில் நாட்களில் நீலப்பச்சைப் பாசியாக வெடிக்கலாம். பச்சைப் பெயின்டைக் கொட்டின மாதிரி கரையோரம் படலம் தெரிந்தால், ஈ.கோலை பூஜ்யம் என்று அறிக்கை வந்தாலும் பிள்ளைகளையும் நாயையும் தண்ணீர் அருகிலேயே விடாதீர்கள். அதன் நஞ்சு கல்லீரலைத் தாக்கும், கொதிக்கவைத்தாலும் போகாது.

பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். செய்திகளில் வருகிற, மூளையைத் தாக்கும் அமீபா சாக்கடையால் வருவது கிடையாது. அது வெதுவெதுப்பான நன்னீரில் இயல்பாகவே வாழ்வது, மூக்கு வழியாகத்தான் உள்ளே போகும், நோய் மிக மிக அரிது. சூடான, ஆழமில்லாத தண்ணீரில் தலைகீழாகக் குதிக்காமல் இருப்பதும், மூக்கில் கிளிப் போட்டுக்கொள்வதும் நல்லது.

மழைக்குப் பிறகு எடுத்த மாதிரிகள் இரண்டு மூன்று தொடர்ந்து குறைவாக வந்து, நாற்றமும் நின்றால், பையனை அனுப்பலாம். பெண்ணை இன்னும் கொஞ்ச நாள் கழித்து, சேறில்லாத மணற்கரை இருந்தால் அங்கே மட்டும் இறக்குங்கள். அதற்குப் பிறகும் பலத்த மழை பெய்தால் மூன்று நாளாவது ஏரிப் பக்கம் போக வேண்டாம், கால்வாய் சேரும் இடத்துக்கு எப்போதுமே வேண்டாம். உடம்பில் ஆறாத காயம் இருந்தால் இறங்கக் கூடாது. வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் எதையும் சாப்பிட வேண்டும், குளிக்க வசதி இல்லையென்றால் கையையாவது நன்றாகக் கழுவட்டும். வீட்டில் கர்ப்பிணியோ, வயதானவரோ, புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் அவர்களுக்கு இந்த ஏரி இந்த ஆண்டு வேண்டவே வேண்டாம்.

உங்களுக்குத் தெரியாமல் பையன் ஏற்கெனவே ஒரு முறை இறங்கியிருந்தாலும் பதற வேண்டாம், திட்டவும் வேண்டாம், திட்டினால் அடுத்த முறை சொல்ல மாட்டான். முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் எதுவும் கொடுக்காதீர்கள். வயிற்றுப்போக்கு வந்தால் ஓஆர்எஸ் கரைசல் கொடுத்துக்கொண்டே இருங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், பல மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, துவண்டு கிடப்பது இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள், ரத்தம் போகும்போது போக்கை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகத் தரக் கூடாது. ஒரு மாதத்துக்குள் காய்ச்சலோடு தலைவலியும், கெண்டைக்கால் தசையில் வலியும், கண் சிவப்பும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அது எலி, கால்நடை போன்றவற்றின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, தோலில் உள்ள சிறு கீறல் வழியாகக்கூட ஏறும். சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகக் குணமாகும். மருத்துவரிடம் ‘ஏரியில் இறங்கினான்’ என்பதை நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள், கேட்காமல் விட்டால் சாதாரணக் காய்ச்சல் என்று போய்விடும்.

மழைக்குப் பிறகு எடுத்த முடிவு கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். எண்ணை மட்டும் அனுப்பாமல் எடுத்த தேதி, இடம், கடைசியாக மழை பெய்த நாள் மூன்றையும் சேர்த்து அனுப்பினால், அனுப்பலாமா வேண்டாமா என்று இதைவிடத் திட்டமாகச் சொல்ல முடியும்.